கணுக்காலில் கட்டிய வாட்ச்

விடியற்காலை ஐந்தே காலுக்குத் திருத்தங்கல் ரோட்டில் பத்துப் பதினைந்து பேர் இடது கையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார். வேண்டுதல் எல்லாம் ஒன்றுமில்லை. சாட்டிலைட் கிடைக்கவேண்டுமாம். அது கிடைத்து, கையில் கட்டியிருக்கும் வாட்ச் ஒரு சத்தம் கொடுத்தால்தான் இவர்களுக்குக் கால் நகரும். மேகம் போட்டிருந்தால் ஐந்து நிமிடம்கூட அப்படியே நிற்பார்கள். ரோடு அங்கேயே கிடக்கிறது, கால் இரண்டும் இடுப்புக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன, ஓடுவதற்கு இன்னும் என்னதான் வேண்டும்? கேட்டால், "சிக்னல் இல்லாம ஓடுனா, ஓடுனோம்னு எப்படித் தெரியும்?" என்பார்கள். மூச்சு வாங்குமே, அதை வைத்துத் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நான் சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு வெடிமருந்து இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நடப்பது என் வேலை. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் முதலில் பதில் சொல்லவேண்டிய ஆளும் நான்தான். ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. வேலையில் நடக்கிற நடை போதாது, காலையில் கொஞ்சம் ஓடுங்கள் என்றார் டாக்டர். அப்படித்தான் அந்த ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். பழைய கேன்வாஸ் ஷூ, மகன் போட்டுக் கழித்த டிரவுசர், கையில் ஒன்றும் கிடையாது. மூச்சு முட்டினால் நிற்பேன், முட்டாவிட்டால் ஓடுவேன்.

மற்றவர்கள் அச்சாபீஸ் முதலாளிகள், பட்டாசு முதலாளிகள், அவர்களுக்குத் தோதாக ஒரு பல் டாக்டர். அந்த ஓட்டச் சங்கத்துக்குத் தலைவர் எங்கள் கம்பெனி முதலாளி. முன்பெல்லாம் என்னைப் பார்த்தால், "சாப்பிட்டீகளா போர்மேன்?" என்று கேட்கிற மனிதர். வாட்ச் கட்டிய நாளிலிருந்து அந்த விசாரிப்பே போயிற்று. எதிரே வந்தால் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தன் மணிக்கட்டைப் பார்ப்பார். மணி பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். இதயம் எத்தனை தடவை அடித்தது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார், எல்லாம் அதில் இருக்கிறதாம். ஒருநாள் காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். தூக்கம் பத்தவில்லையா மொதலாளி என்றேன். வாட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இல்லையே, நல்லாத் தூங்கிருக்கேன்னுதான் போட்டிருக்கு" என்றார், அடுத்த கொட்டாவிக்கு நடுவில்.

இவர்கள் அடிக்கிற கூத்தைச் சொல்லி மாளாது. இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே ரோட்டில் போய் ஒரே ரோட்டில் திரும்பினார்கள். ஒருவர் வாட்ச் ஐந்து கிலோமீட்டர் என்றது. இன்னொருவருடையது எண்பது மீட்டரைக் குறைத்துக் காட்டிவிட்டது. மனிதருக்கு முகம் செத்துவிட்டது. டீக்கடை வாசலில் எல்லோரும் கிளாசைக் கையில் வாங்கிய பிறகு, அவர் மட்டும் அந்த எண்பது மீட்டருக்காக டீக்கடையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கடைக்காரர் பதறிப்போய், "அண்ணாச்சி, தல கிறுகிறுன்னு வருதா? ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று சொம்புத் தண்ணீரோடு பின்னாலேயே ஓடினார். வாட்ச் கட்டாத டீக்கடைக்காரரும் அன்றைக்கு எண்பது மீட்டர் ஓடினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொருவர் காலண்டர் அடிக்கிறவர். தெருக்களில் ஓடி, ஓடிய தடம் மேப்பில் ராக்கெட் மாதிரி விழவேண்டும் என்று திட்டம் போட்டார். நுனிக்குப் போகிற இடத்தில் நாய் துரத்தியதால் தடம் வளைந்து, படம் முருங்கைக்காய் மாதிரி விழுந்தது. அதோடு விட்டாரா? அந்தப் படத்தையே அந்த வருடக் காலண்டரில் சாமி படம் போடுகிற இடத்தில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தார். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோயிச்சுக்கிடாதீக, முருகன் படம் போட்டது ஒண்ணு இருந்தாக் குடுங்க" என்று கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டார்.

பல் டாக்டர் கதைதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாதயாத்திரை நேர்ந்துகொண்டு சிவகாசியிலிருந்து நடந்தார். சாத்தூர் தாண்டியதும் சார்ஜ் தீர்ந்து வாட்ச் அணைந்துவிட்டது. அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாராம். கூடப் போனவர்கள் பிடித்து எழுப்பிக் கோயில் வரைக்கும் கூட்டிப்போனார்கள். சாமி கும்பிட்டார், மொட்டை போட்டார், ஆனால் மனசு ஆறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய், வாட்ச் அணைந்த அதே புளியமரத்தடியில் இறங்கி, மிச்சத் தூரத்தை மறுபடியும் நடந்து முடித்தார். ஆத்தாவுக்குப் போய்ச் சேர்ந்த நடை வாட்சுக்குப் போய்ச் சேரவில்லையே! இதை அவர் வாயாலேயே பெருமையாகச் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இவர்கள் ஓடுகிற அதே நேரத்தில் அதே ரோட்டில் இன்னொரு கூட்டமும் ஓடும். கம்பெனி வேனைப் பிடிக்க, தூக்குச்சட்டியோடு ஓடிவருகிற பெண்கள். பின்னுகிற தலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு கையில் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு முன்னால் எங்கள் சங்கத்து ஆட்கள் ஒருவரும் நிற்கமாட்டார்கள். ஒருநாள் வேனுக்காக நின்ற ஒரு அம்மா, இவர்கள் வியர்த்து வழிந்துகொண்டு போவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகவே கேட்டார். "ஏத்தா, இவுகள யாரு இந்த வெரட்டு வெரட்டுறா? பின்னால ஒருத்தனையும் காணமே!" நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதலாளி காதில் ஏதோ சொருகியிருந்ததால் அவருக்கு விழவில்லை.

அந்த அம்மாதான் எங்கள் கம்பெனி வாசல் கேட்டில் ஆட்களைச் சோதித்து உள்ளே விடுகிற கேட்டுக்காரம்மா. வேறொரு கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தவர். அங்கே நடந்த விபத்தில் வலது கை வெந்துபோய், உள்ளங்கை மடங்காது. சரம் பின்ன முடியாது, பெட்டி ஒட்ட முடியாது, தீப்பெட்டி ஆபீசிலும் அந்தக் கைக்கு வேலை இல்லை. புருசன் இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் அவர் பார்க்கக்கூடிய ஒரே வேலை எங்கள் கேட்டு வேலைதான். அது போனால் அடுத்த வேளைக்கு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் வேனிலிருந்து இறங்குகிறவர்கள் வரிசையாக அவர் முன்னால் நிற்கவேண்டும். பெண்களைத் தடவிப் பார்ப்பார். கொண்டை ஊசி, கொலுசு, சேலையில் குத்திய ஊக்கு எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். ஆண்கள் மடியை உதறிக் காட்டவேண்டும். செல்போனை வாங்கிக்கொண்டு, காலண்டர் அட்டையில் வெட்டிய டோக்கன் ஒன்று கொடுப்பார். அதற்கப்புறம் செருப்பைக் கழற்றி, உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்க, செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். போர்மேனை மட்டும் சோதிக்கிற வழக்கம் இல்லை. சோதனை சரியாக நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள் நான். என்னை யார் சோதிப்பது?

இப்படி நான் பாட்டுக்கு எல்லோரையும் எகத்தாளம் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். விதி விடவில்லை. சங்கத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். நூறு நாள், கம்பெனிக்கு நாலு பேர், தினமும் யார் எத்தனை அடி நடந்தார் என்று பட்டியல். முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, புது வாட்ச் ஒன்றை அவர் கையாலேயே என் மணிக்கட்டில் கட்டினார்.

"நம்ம டீம்ல நீங்களும் இருக்கீக போர்மேன். நாள் முழுக்க நடக்குற மனுசன். நீங்க வாட்சு கட்டிட்டா இந்த ஊர்ல ஒருத்தன் நிக்க முடியுமா?"

வேண்டாம் மொதலாளி என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. அதிலேயே என் யோக்கியதை தெரிந்துபோயிற்று.

முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு வெட்கமாக இருந்தது. இரண்டாவது நாள் அது இருப்பது மறந்துபோயிற்று. மூன்றாவது நாள் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், அதைத்தான் பார்த்தேன். சீ, எவ்வளவு சீக்கிரம்! ஒரு வாரத்தில் நானும் ரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரி கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால், பக்கத்துக் கடையில் வாடிப்போயிருக்கிறது என்று பொய் சொல்லி மூன்று தெரு தள்ளிப் போனேன். பதினைந்தாயிரம் அடி முடிந்ததும் வாட்ச் கையில் குறுகுறுவென்று துடிக்கும், அதன் முகத்தில் சிவப்பும் பச்சையுமாக வாணவேடிக்கை பூக்கும். இருபத்தைந்து வருடமாக நிஜ வாணவேடிக்கைக்கு மத்தியிலேயே வாழ்கிற ஆள், அந்தப் பொட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

ஒரே ஒரு தடைதான் இருந்தது, கேட்டு. வாட்சோடு போன முதல் நாளே கேட்டுக்காரம்மா கண்ணில் பட்டுவிட்டது.

"அண்ணாச்சி, அது என்னது கையில?"

"வாட்சு தாயி. மொதலாளி குடுத்தது."

"செல்லு உள்ள போகக்கூடாதுன்னு போர்டுல இருக்கே?"

"செல்லுன்னா செல்போனு. இது வாட்சுல்ல?"

அவர் யோசித்தார். "டார்ச்சு லைட்டுல போடுறமே, அதுக்கும் செல்லுன்னுதான பேரு? உள்ள ஒரு செல்லு இல்லாம இந்த வெளக்கு எப்படி எரியுது அண்ணாச்சி?"

செல் என்று மொட்டையாக அந்தப் போர்டில் எழுதச் சொன்னதே நான்தான். செல்போன் என்று எழுதினால், டார்ச் கொண்டுவருகிறவன் இது போன் இல்லையே என்பான், அதனால் செல் என்றே போடு என்று பெயிண்டரிடம் விளக்கம் வேறு சொல்லியிருந்தேன். வாட்சைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு வயிற்றெரிச்சல் பிடித்தது. அறைக்கு அறை நடந்தேன், ஒவ்வொரு அடியும் வீணாகப் போகிறதே என்று இருந்தது. இருபத்தைந்து வருடம் அதே மண்ணில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் வீண் என்று தோன்றியதில்லை. சாயங்காலம் பட்டியல் வரும். நான் பன்னிரண்டாவது. டீக்கடையைச் சுற்றினாரே, அவர் எனக்கு மேலே. புளியமரத்தடியில் இறங்கி நடந்த பல் டாக்டர் எனக்கு மேலே! பகலெல்லாம் ஏ.சி. அறையில் சுழல் நாற்காலியில் உட்காருகிற ஆட்கள் எனக்கு மேலே போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பொறுத்திருக்கலாம். அதுகளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருந்திருக்கும்.

ஒருநாள் காலையில் பேண்ட் மாட்டுவதற்கு முன்னால் வாட்சைக் கழற்றிக் கணுக்காலுக்கு மேலே கட்டினேன். கேட்டில் அந்த அம்மா என் வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "வாட்சக் காணமே அண்ணாச்சி, பொட்டியில போடலையா?" என்று கேட்டார். "வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் பேச்சுக்கு மேல் அவருக்கு ஒரு சோதனை தேவைப்படவில்லை.

எட்டு நாள் இப்படி உள்ளே போனேன். செம்புத் தகட்டையும் ஒழுங்காகத் தொட்டுவிட்டுத்தான் போனேன், பக்திமான் மாதிரி. பட்டியலில் ஏறினேன். முதலாளி கூட்டத்தில் வைத்து, "நேத்து இருவத்தி ரெண்டாயிரமா! எங்கன போயி ஓடுனீக?" என்று முதுகில் தட்டினார். சாயங்காலம் பைபாஸ் பக்கம் போனேன் என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதையும் மூச்சு வாங்காமல் சொன்னேன்.

ஒன்பதாவது நாள், வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவையைப் பார்த்துவிடலாம் என்று கலவை அறைக்குப் போனேன். கம்பெனியிலேயே ஒதுக்குப்புறமான அறை அது. உள்ளே மருந்துக்காரர் ஒருவர்தான் இருப்பார். முப்பது வருடம் அந்த வேலை பார்த்தவர், என்னைவிடப் பெரியவர், ஆனாலும் அண்ணாச்சி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ரப்பர் விரிப்பில் உட்கார்ந்து சல்லடையில் மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தார். அளவைப் பார்ப்பதற்காக அவருக்கு எதிரே குந்தினேன். பேண்ட் மேலே ஏறியது. சரியாக அப்போது பதினைந்தாயிரம் முடிந்து தொலைந்தது.

கணுக்காலில் குறுகுறுவென்று துடித்தது. சிவப்பும் பச்சையுமாக வாணவேடிக்கை பூத்தது. மருந்துக்காரரின் கை நின்றது. அவர் கண் என் காலில் நிலைத்தது.

"ஏலே" என்றார். சத்தம் போடவில்லை, அடித்தொண்டையில் வந்தது. "வெளிய போலே. போலே வெளிய!"

ஓடினேன். அந்த நூறு நாளில் நான் ஓடிய உண்மையான ஓட்டம் அது ஒன்றுதான். வேலி ஓரம் போய் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது, அவர் ஓடவில்லை. ஓட முடியாது. கையில் மருந்து இருக்கிறது. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது மாதிரி சல்லடையை மெல்லக் கீழே வைத்து, விரலை ஒவ்வொன்றாக எடுத்து, எழுந்து, வாசலுக்கு நடந்து வந்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்த வாட்சிலிருந்து ஒரு பொறி விழுந்திருக்குமா விழாதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததால்தான் அந்தப் போர்டே வைத்திருக்கிறோம். மருந்துக்காரர் என் பக்கத்தில் வந்து, என் காலையும் முகத்தையும் பார்த்துவிட்டு, மண்ணில் துப்பினார். அதற்கப்புறம் அவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

அரை மணி நேரத்தில் முதலாளி வந்துவிட்டார். ஆபீஸ் அறையில் மருந்துக்காரர், கேட்டுக்காரம்மா, நான் மூன்று பேரும் நின்றோம். வாட்ச் மேசைமேல் கிடந்தது. முதலாளி கேட்டார், "இது எப்படி உள்ள போச்சு?" என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். சீசன் நேரம், லோடு போகவேண்டும், போர்மேன் இல்லாமல் கம்பெனியைத் திறக்க முடியாது. போதாததற்கு வாட்ச் அவர் கட்டிவிட்டது.

"அண்ணாச்சி வீட்டுல வச்சிட்டேன்னு சொன்னாக மொதலாளி" என்றார் அந்த அம்மா.

"சொன்னா விட்டுர்றதா? அப்புறம் நீ எதுக்குக் கேட்டுல?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தரையைப் பார்த்தேன். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் எகத்தாளம் பேசிய வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. இதை எழுதுகிறபோதும் எனக்குக் கூசுகிறது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொன்னார். அந்த அம்மா மடங்காத கையால் முந்தானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். மருந்துக்காரரும் போனார். கதவு சாத்தியதும் முதலாளி வாட்சை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "பத்து மணிக்குள்ளயே பதினஞ்சாயிரமா!" என்றார். அவர் குரலில் இருந்தது ஆச்சரியம், நிஜமான ஆச்சரியம். எனக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது. அறையப்படவேண்டிய ஆள் நான்.

மூன்று நாள் கழிந்தது. மூன்று நாளும் சோறு தின்றேன், வேலைக்குப் போனேன். கேட்டில் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் கையிலேயே செல் இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் டோக்கனை நீட்டுவார். மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டி கட்டுகிற அறைக்குப் போனேன். ஒரு ஆள் சுவரில் சாய்ந்துகொண்டு, மடியிலிருந்து செல்லை எடுத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். சுற்றி ஆளுயரத்துக்குப் பட்டாசுக் கட்டு. என்னைப் பார்த்து அவன் பயப்படக்கூட இல்லை. "கேட்டுல ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி" என்றான்.

நியாயம், மனசாட்சி என்றெல்லாம் சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ள விரும்பவில்லை. பயம், வெறும் உயிர்ப்பயம்தான் என்னை முதலாளியிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

"தப்பு என்னுது மொதலாளி. அந்தம்மாவ ஏமாத்திட்டுத்தான் உள்ள போனேன். அவுக திரும்ப வராம நான் இந்தக் கேட்டத் தாண்ட மாட்டேன்."

"சீசன் நேரத்துல என்னய்யா இது வம்பு?"

"சீசன் நேரங்கிறதாலதான் சொல்றேன்."

கத்தினார், கெஞ்சினார், யோசித்தார். கடைசியில், சரி, வரச் சொல்லுங்க என்றார். அவரிடமிருந்த அந்த வாட்சை இனி எனக்குத் தரவேண்டாம் என்றும் சொன்னேன். மனிதருக்கு அப்போதுதான் நிஜமாகவே முகம் வாடியது. "அப்ப நம்ம டீமு?" என்று கேட்டார்.

அந்த அம்மா வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டிருக்கவேண்டும். அதற்கும் முகம் இல்லை. வேன் டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பதில் கொண்டுவந்தார். "வருதாம். ஆனா போர்மேனும் வரிசையில நிக்கணுமாம். அதுக்குச் சரின்னாத்தான் வருமாம்." டிரைவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முதலாளியும் கேட்டுச் சிரித்தார். எல்லோர் முன்னாலும் வைத்து என்னை நாலு கேள்வி கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கட்டும் என்றிருந்தது. கேட்டால்தான் எனக்கும் ஆறும்.

மறுநாள் காலையில் வேன்கள் வந்தன. வரிசையில் நடுவில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்து, வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். பின்னால் மருந்துக்காரர் நின்றார். என் முறை வந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைப் பையை உதறச் சொன்னார், உதறினேன். பேண்டைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். குனிந்து, அந்த மடங்காத உள்ளங்கையை என் கணுக்காலில் வைத்து மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தார். கோபமாகவும் இல்லை, பழி வாங்குகிற மாதிரியும் இல்லை. எனக்கு முன்னால் போன பெண்ணுக்கு என்ன செய்தாரோ அதையேதான் எனக்கும் செய்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலையே என்று இருந்தது.

"தாயி, அன்னைக்கு ஆபீசுல நான் வாயத் தொறந்திருக்கணும். என்னய மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"சோலி நேரத்துல பேசாதீக அண்ணாச்சி. மறு காலத் தூக்குங்க."